குளிர்மேல் போடும் பழி

கனடாவில் நவம்பர் பிறந்ததும் பல வீடுகளில் ஒரு வேலை நடக்கும். பனி உருகச் சாலையில் உப்புத் தூவ ஆரம்பிப்பதற்குள், கோடையில் மட்டும் ஓட்டும் காரைக் கழுவித் துடைத்து, கராஜுக்குள் விட்டு, உறை போட்டு மூடிவிடுவார்கள். இனி ஏப்ரலில்தான் அது வெளியே வரும். குளிருக்குப் பயந்து ஃபுளோரிடா போய்விடும் முதியவர்களின் கார்களும் இப்படித்தான் நிற்கின்றன. மார்கழி, தை மாதங்களில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ விமானம் ஏறும் டொராண்டோத் தமிழர்களின் கார்கள் வாசலிலேயே பனிக்குவியலுக்கு அடியில் கிடக்கும். திரும்பி வந்து சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். செல்ஃப் எடுக்காது. உடனே தீர்ப்பும் வந்துவிடும்: குளிர் பேட்டரியைக் கொன்றுவிட்டது. இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது. முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈய அமில பேட்டரியை நிறுத்திவைக்கக் குளிரைவிட நல்ல சூழல் கிடையாது. பேட்டரி சாவது காலியாகிக் கிடப்பதால். குளிருக்கு அதில் பங்கு உண்டு என்றாலும், காலியான பிறகுதான் அது உள்ளே நுழைகிறது. இந்த வரிசையைச் சரியாகப் புரிந்துகொண்டால், பனிக்காலப் பராமரிப்பு என்ற பெயரில் காலங்காலமாகச் செய்யப்படும் வேலைகளில் எது பயன் தரும், எது வீண் என்று பிரித்துவிடலாம்.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1859இல் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய அமைப்பு அடிப்படையில் இன்றும் மாறவில்லை. எதிர்முனைத் தகட்டில் பஞ்சு போன்ற ஈயம், நேர்முனைத் தகட்டில் ஈய டைஆக்சைடு, இரண்டும் மூழ்கியிருப்பது நீர் கலந்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளும் அமிலத்திலிருந்து சல்ஃபேட்டை வாங்கிக்கொண்டு ஈய சல்ஃபேட்டாக மாறுகின்றன, கூடவே நீரும் உருவாகிறது. சார்ஜ் ஏற்றினால் இதெல்லாம் தலைகீழாக நடந்து பழைய நிலை திரும்புகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. திரவம் வெறுமனே மின்சாரத்தைக் கடத்தும் ஊடகமாக நின்றுவிடாமல், அதுவும் வேதிவினையில் செலவாகிறது. பேட்டரி காலியாகக் காலியாக அமிலம் நீர்த்துப்போய் வெறும் தண்ணீரை நெருங்குகிறது. அதனால்தான் பழைய மெக்கானிக்குகள் ஹைட்ரோமீட்டரைச் செருகி அடர்த்தியைப் பார்த்தே எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். முழுதாக ஏறிய பேட்டரியில் அமிலத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.265, காலியானதில் 1.12 அல்லது அதற்கும் கீழே. நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் நடக்கிறது.

முதல் ஆட்சேபம் இங்கேயே எழும். குளிர் நல்லது என்றால், ஜனவரிக் காலையில் மட்டும் கார் ஏன் கிளம்ப மறுக்கிறது? கேள்வி நியாயமானது. ஆனால் அதில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று, அந்த நொடியில் பேட்டரி எவ்வளவு மின்னோட்டம் தர முடியும் என்பது. மற்றொன்று, அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது. குளிரில் வேதிவினை மெதுவாகிறது, அமிலம் கெட்டிப்பட்டு அயனிகளின் நகர்வு மந்தமாகிறது. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் ஒரு பேட்டரியின் திறன், அறை வெப்பநிலையில் தருவதில் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயிலும் குழம்பாகிவிடுவதால் எஞ்சினைச் சுழற்ற வழக்கத்தைவிடக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. வரவு பாதியாகும் நேரத்தில் செலவு கூடுகிறது. சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டரை 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக்கில் பொருத்திய நாளிலிருந்து குளிர் நாடுகளின் தலைவலி இது. அங்கே விற்கும் பேட்டரிகளின் முகப்பில் ஒரு எண் பெரிதாக அச்சிடப்பட்டிருப்பதும் இதனால்தான். மைனஸ் 18 டிகிரியில், வோல்டேஜ் 7.2க்குக் கீழே விழாமல் 30 விநாடி எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதை அந்த எண் சொல்கிறது. ஆனால் இந்தப் பலவீனம் தற்காலிகமானது. அதே பேட்டரியைச் சூடான அறையில் சில மணி நேரம் வைத்தால் இழந்ததெல்லாம் திரும்பிவிடும். குளிரில் அதற்குள் எதுவும் சிதையவில்லை. நிறுத்திவைத்திருக்கும் கார் அந்த மாதங்களில் கிளம்ப வேண்டியதே இல்லையே! இந்தப் பலவீனம் அதைப் பாதிக்கவும் போவதில்லை.

ஆயுள் என்ற இரண்டாவது கணக்கில் குளிர் நம் பக்கம் நிற்கிறது. எந்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜை இழக்கும். ஈயத்தோடு கால்சியம் கலந்த தகடுகள் உள்ள இன்றைய பேட்டரிகளில், 25 டிகிரியில் இந்த இழப்பு மாதத்துக்குச் சில விழுக்காடு. வெப்பநிலை 10 டிகிரி குறையும்போதெல்லாம் வினைவேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது வேதியியலின் பொதுக்கணக்கு. அதன்படி, உறைநிலையை ஒட்டிய ஒரு கராஜில் இந்த இழப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. ஐந்து மாதம் நின்றாலும் கவலைப்படும் அளவுக்கு எதுவும் போயிருக்காது. தகடுகளைத் தாங்கும் ஈயச் சட்டம் அரிப்பதும் அமிலத்திலிருந்து நீர் ஆவியாவதும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவைதான். பேட்டரியை உண்மையில் முதுமையாக்குபவை இவை இரண்டும், இரண்டுமே வெயிலில் விரைகின்றன. அமெரிக்காவில் அரிசோனா போன்ற பாலைவன மாநிலங்களில் பேட்டரி சீக்கிரம் போவதற்கும், குளிர்ந்த வடமாநிலங்களில் கூடுதல் ஆண்டுகள் உழைப்பதற்கும் இதுவே காரணம். முதல் கடுங்குளிர்க் காலையில் படுத்துவிடும் பேட்டரிகளில் பல, அதற்கு முந்தைய கோடையிலேயே நைந்துபோனவை. கோடையில் எஞ்சின் லேசாகச் சுழன்றதால் அந்தத் தேய்மானம் வெளியே தெரியவில்லை. நம் ஊரிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கி வாரக்கணக்கில் கார்கள் நின்றபோது, தமிழ்நாட்டில் எத்தனையோ வாசல்களில் பேட்டரி டவுனாகிக் கிடந்தது. அப்போது அடித்தது சித்திரை வெயில். குளிர் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவே இல்லை.

அப்படியானால் சார்ஜைத் தின்றது யார்? கார்தான். சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் கார் தூங்கிவிடும் என்று நினைக்கிறோம். திருட்டைத் தடுக்கும் அலாரம், ரிமோட் சாவியின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் ரிசீவர், கடிகாரம், கணிப்பொறிகளின் நினைவகம் என்று பலவும் பூட்டிய காருக்குள் விழித்தே இருக்கின்றன. பழுதில்லாத ஒரு நவீன கார் இவ்வாறு 20 முதல் 50 மில்லியாம்பியர் வரை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் அளவு இது. கணக்குப் போட்டால் அற்பமில்லை. 25 மில்லியாம்பியர் என்று வைத்தால் நாளொன்றுக்கு 0.6 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரி நூறு நாளில் காலி. 50 மில்லியாம்பியர் என்றால் ஐம்பதே நாள். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசி வரை 151 நாள் இருக்கிறது. பாதி சார்ஜுக்குக் கீழே இறங்கினாலே குளிரில் கார் கிளம்புவது சந்தேகம் என்பதால், நடைமுறையில் கெடு இதிலும் பாதிதான். இந்த மின்கசிவு வெப்பநிலையைப் பெரிதாகப் பொருட்படுத்துவதும் இல்லை, வின்னிபெக்கிலும் திருநெல்வேலியிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஓடும். தானாக இழப்பதையும் கார் இழுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பனிக்காலக் குற்றவாளி யார் என்பதில் ஐயம் இருக்காது.

காலியான பிறகு இரண்டு கேடுகள் தொடர்கின்றன. முதலாவது மெதுவானது. தகட்டில் படிந்த ஈய சல்ஃபேட் முதலில் மிக நுண்ணிய துகள்களாக இருக்கும், சார்ஜ் ஏற்றினால் எளிதில் கரைந்து திரும்பும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் சிறு துகள்கள் கரைந்து பெரியவற்றின்மேல் படியத் தொடங்கும். பாகில் நூலைத் தொங்கவிட்டால் கற்கண்டு கட்டிகட்டியாக வளர்வதைப் போலத்தான். கட்டிகள் பெருக்கப் பெருக்க அமிலம் தொடக்கூடிய பரப்பு சுருங்குகிறது, பிறகு எந்தச் சார்ஜரைப் போட்டாலும் அவற்றை முழுதாகக் கரைக்க முடிவதில்லை. சல்ஃபேஷன் என்று இதற்குப் பெயர். 60 ஆம்பியர்-மணி பேட்டரி பார்வைக்கு அப்படியே இருக்கும், ஆனால் 40க்குரிய வேலையைத்தான் செய்யும். இதைச் சரிசெய்வதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளையும் திரவங்களையும் நம்பிப் பணம் போடுவதைவிட அதைப் புது பேட்டரிக்குச் சேர்த்து வைக்கலாம்.

இரண்டாவது கேடு ஒரே இரவில் முடிந்துவிடும். முழுதாக ஏறிய பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும். பாதி காலியானால் ஏறத்தாழ மைனஸ் 25 டிகிரி போதும். முற்றிலும் காலியானதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், அது மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். டொராண்டோவில் ஜனவரி இரவுகள் மைனஸ் 10க்குக் கீழே போவது சாதாரணம். கனடாவில் இதுவரை பதிவானதிலேயே கடுங்குளிர் 1947 பிப்ரவரியில் யூக்கான் பிரதேசத்து ஸ்னாக் என்ற ஊரில் பதிவான மைனஸ் 63 டிகிரி. முழு சார்ஜில் உள்ள பேட்டரிக்கும் ஆபத்து வர வேண்டுமானால் ஏறக்குறைய அந்த மாதிரிக் குளிர் வேண்டும். உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. அந்த அழுத்தத்தில் தகடுகள் வளையும், அவற்றுக்கு இடையிலுள்ள தடுப்புகள் கிழியும், பிளாஸ்டிக் பெட்டியே வெடித்துப் பிளக்கும். வசந்தத்தில் பனி உருகும்போது அந்தப் பிளவு வழியாக அமிலம் கசிந்து இரும்பை அரிக்கும். குளிர் கொன்றது என்று சொல்லத்தக்க ஒரே மரணம் இது. அதற்கும் முன்னால் பேட்டரி காலியாகியிருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு வழக்கங்களை எடைபோடலாம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பது மிகப் பழைய வழக்கம். அது பலன் தரவும் செய்கிறது. ஆனால் அதைச் செய்பவர்கள் சொல்லும் காரணம் வேறு, உண்மைக் காரணம் வேறு. கதகதப்பு பேட்டரியைக் காத்ததாக அவர்கள் நினைக்கிறார்கள். காத்தது, காரோடு இருந்த இணைப்பு அறுந்ததுதான். கதகதப்பு தானாக இழக்கும் வேகத்தைக் கூட்டத்தான் செய்யும். காரிலேயே விட்டு ஒரு முனையை மட்டும் கழற்றியிருந்தால், இருபது கிலோ ஈயத்தைப் படியேற்றித் தூக்காமலே அதே பலன், சற்றுக் கூடுதலாகவே கிடைத்திருக்கும். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் தரைக்குள் இறங்கிவிடும் என்ற அச்சமும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மரப்பெட்டியும் கெட்டி ரப்பர் பெட்டியுமாக இருந்த காலத்தில் ஈரம் ஏறி மின்சாரம் கசிய வழியிருந்தது. பாலிப்ரொப்பிலீன் பெட்டி வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பெட்டி போன பிறகும் பயம் போகவில்லை.

வாரம் ஒருமுறை எஞ்சினைக் கிளப்பிப் பத்து நிமிடம் ஓடவிடுவது இன்னும் பரவலான வழக்கம். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது இதற்காகத்தான். இதை எதிர்ப்பவர்கள், ஸ்டார்ட் செய்யவே அவ்வளவு சார்ஜும் போய்விடும் என்பார்கள். அது மிகை. 200 ஆம்பியரில் மூன்று விநாடி சுழற்றினால் செலவு ஓர் ஆம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்குதான். சிக்கல் வரவில் இருக்கிறது. குளிர்ந்த பேட்டரி சார்ஜை ஏற்பதற்கே தயங்கும். எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரமும் குறைவு, அதிலும் ஹீட்டர் விசிறியும் பின்கண்ணாடிச் சூடாக்கியும் பங்கு கேட்கும். மிச்சம் ஐந்து ஆம்பியர் ஏறுகிறது என்று தாராளமாக வைத்தாலும், பத்து நிமிடத்தில் சேர்வது 0.8 ஆம்பியர்-மணி. ஸ்டார்ட் செய்த செலவைக் கழித்தால் 0.6 சொச்சம். 25 மில்லியாம்பியர் கசிவில் அந்த வாரம் முழுக்கப் போனதோ 4.2. வாரந்தோறும் மூன்றரை ஆம்பியர்-மணி பற்றாக்குறை. இருபது வாரத்தில் அது 70ஐத் தொடும், பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 60தான். இதற்கு மேல், சூடேறாமல் நிறுத்தப்படும் எஞ்சினில் எரிதலில் உண்டான நீராவி குளிர்ந்து ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடுகிறது. பேட்டரியைக் காக்கப் போய் எஞ்சினுக்கும் கேடு. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவந்தால் பலன் உண்டுதான். ஆனால் உப்புச் சாலையில் ஓட்டக் கூடாது என்றுதானே காரை நிறுத்தினோம்?

மூன்றாவது வழி, சார்ஜரை இணைத்தே வைத்திருப்பது. இதில் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. மாதக்கணக்கில் சார்ஜ் ஏறிக்கொண்டேயிருந்தால் பேட்டரி வெந்துவிடாதா? பழைய மலிவான சார்ஜர்களைப் பற்றிய பயம் என்றால் அது சரி. நிறைந்த பிறகும் அவை மின்னோட்டத்தை நிறுத்துவதில்லை. அந்த மின்சாரம் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து, தகட்டை வறளவிட்டு, மூடிய அறையில் வெடிக்கும் வாயுவையும் சேர்க்கும். இப்போது கிடைக்கும் மெயின்டெய்னர் வகைச் சார்ஜர் அப்படிச் செய்வதில்லை. பேட்டரி நிறைந்ததும் 13.2 முதல் 13.5 வோல்ட்டுக்கு இறங்கி, இழப்பை ஈடுசெய்யும் அளவுக்கு மட்டும் ஊட்டும். இங்கும் வெப்பநிலை ஒரு கணக்குக் கேட்கிறது. 25 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறத்தாழ 18 மில்லிவோல்ட் கூட்டித் தர வேண்டும். மைனஸ் 15 டிகிரியில் அந்தக் கூடுதல் 0.7 வோல்ட்டுக்கு மேல் வரும். ஆகவே வெப்பநிலைக்கேற்ப வோல்டேஜைத் தானே மாற்றிக்கொள்ளும் சார்ஜர் வாங்குவதே புத்திசாலித்தனம். ஜெல், ஏ.ஜி.எம். போன்ற அடைக்கப்பட்ட வகைகளுக்குச் சார்ஜரில் தனி அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காரில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஸ்டார்ட்டர் பேட்டரி போட்டிருந்தால் இந்தக் கட்டுரையின் விதிகளை அப்படியே பொருத்தக் கூடாது. உறைநிலைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரக் கேடு விளையும்.

பிளக் பாயின்ட் இல்லாத அடுக்குமாடிப் பார்க்கிங்கில் என்ன செய்வது? முழுதாகச் சார்ஜ் ஏற்றி, எதிர்முனையைக் கழற்றிவிடுவதே போதும். குளிர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இதை மறுப்பவர்கள், இன்றைய கார்களில் இணைப்பை எடுத்தால் ரேடியோ கோடு கேட்கும், ஜன்னல் கண்ணாடியின் நிலை மறந்துபோகும், கியர்பெட்டி கற்றுவைத்த பழக்கங்கள் அழியும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் இவையெல்லாம் ஏப்ரலில் அரை மணி நேரத் தொல்லை. உறைந்து பிளந்த பேட்டரி அதைவிடப் பெரிய செலவு. பேட்டரி டிக்கியில் இருந்து, டிக்கி மின்பூட்டால் மட்டுமே திறக்கும் கார்களில்தான் உண்மையான சிக்கல். அவற்றின் கையேட்டைப் படித்துவிட்டு ஸ்பானரை எடுப்பது நல்லது. கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், வரிசை மாறினால் நேர்முனையில் இருக்கும் ஸ்பானர் உடலைத் தொட்ட கணமே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. அவற்றிலும் கதவுப் பூட்டையும் கணிப்பொறியையும் இயக்கத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. பல மாடல்களில் அது ஈய அமில வகைதான்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று இந்த விவாதத்தையெல்லாம் ஓர் எண்ணாகச் சுருக்கித் தந்துவிடும். சார்ஜ் ஏற்றி முடித்து ஓர் இரவு சும்மா விட்ட பிறகு அளக்க வேண்டும், உடனே அளந்தால் தகட்டின் மேற்பரப்பில் நிற்கும் சார்ஜ் ஏமாற்றிவிடும். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் முனையைக் கழற்றிவிட்டு நிம்மதியாக விமானம் ஏறலாம். முழுச் சார்ஜுக்குப் பிறகும் 12.4ஐத் தாண்டவில்லை என்றால் அது பனிக்காலத்தைத் தாங்காது, நவம்பரிலேயே மாற்றிவிடுங்கள். திரும்பி வரும்போது பெட்டி உப்பியிருந்தாலோ உள்ளே பனிக்கட்டி தெரிந்தாலோ சார்ஜரையும் ஜம்ப் ஸ்டார்ட் கேபிளையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். உறைந்த பேட்டரியில் மின்சாரம் செலுத்தினால் அது வெடிக்கக்கூடும்.